சொன்னது சொன்னபடி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, விடுதி அறையில் வெளிச்சம் போதுமா என்று விவரமாக எழுது. போன கடிதம் முழுக்கப் 'பரவாயில்லை'தான் இருந்தது. பெற்றவளுக்கு அது பதில் இல்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. நாளைக்குச் சரி பண்ணுகிறேன் என்கிறார். அவருடைய நாளை வருவதற்குள் வீட்டுக்குள்ளேயே நீச்சல் பழகிவிடலாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. உனக்குக் கோபம் வரும், பாதி கோபம் என் மேலும் வரும்.

இனி வேண்டாம் என்று உன் போனை அலமாரியில் போர்வைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? அப்பாவின் மருந்துச் சீட்டை நீ அதில்தான் படம் எடுத்து வைத்திருந்தாய். அதற்காகப் போன ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டுத் திறந்தேன். திறந்ததும் இளையோர் மன்ற குரூப்தான் முன்னால் வந்து நின்றது.

நீ ஆரம்பித்த குரூப். 'காது கேட்காதவர், கண் தெரியாதவர், வேலைக்குப் போவதால் கூட்டத்துக்கு வர முடியாதவர், எல்லோரும் இங்கே பேசலாம், இங்கிருந்தே தலைவராகவும் வரலாம்' என்று முதல் நாள் நீ எழுதியது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே பார்த்தால் தள்ளத் தள்ள வாய்ஸ் மெசேஜ்தான். நடுநடுவே நீ, 'தயவுசெய்து எழுதுங்கள், எனக்குக் கேட்காது' என்று கெஞ்சியிருக்கிறாய். அதற்கு ஒரு கட்டைவிரல் படம். மறுபடியும் வாய்ஸ் மெசேஜ். அந்தக் கட்டைவிரலை ஒடித்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். முக்கால்வாசி அந்த மருந்துக்கடைக்காரர் மகன் பேசியது. அவன் குரல் எப்படி இருக்கும் என்று நீ முன்பு கேட்டபோது கணீரென்று வெண்கல மணி மாதிரி என்றேன். உடனே அவனுக்கு வெண்கலம் என்று பேர் வைத்தாய். அந்த வெண்கலம்தான்.

நகராட்சிக் கூட்டத்தில் இளையோர் சார்பில் யார் உட்காருவது என்று முடிவு செய்யும் நாள் ஞாயிறு என்றுதான் எழுத்தில் இருந்தது. நீயும் நீலச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனாய். மன்றம் பூட்டிக் கிடந்தது. எல்லாம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது என்று காவலாளி கையை ஆட்டிச் சொன்னாராம். ஆர்வம் இல்லாததால் வரவில்லை என்று ஊரெல்லாம் உன்னைப் பற்றிச் சொல்லி, அந்த இடத்தில் வெண்கலம் போய் உட்கார்ந்துகொண்டான். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்த நீ அன்றிலிருந்து வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நம் இருவருக்குள்ளும் எல்லாமே காகிதமும் கைச்சைகையுமாகப் போனது.

ரகசியமாகக் கூடிவிட்டார்கள் என்று நாம் நினைத்தோமே, ரகசியமே இல்லை. நாள் மாறிய செய்தி உன் கையில் இருந்த போனில்தான் இருந்தது, அவன் குரலில். அவளுக்கு இதை எழுதி அனுப்ப வேண்டாமா என்று ஒருவன் கேட்கிறான். அதற்கு வெண்கலத்தின் பதில் இது: "எழுதல்லாம் வேணாம்டா. விட்டுடு. அவ என்ன, கேக்கவா போறா?" பிறகு ஒரே சிரிப்பு. முதுகுக்குப் பின்னால் பேசியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். நீ இருக்கும் குரூப்பில், உன் முகத்துக்கு நேராகப் பேசியிருக்கிறார்கள்.

மறுநாள் தைலம் வாங்கக் கடைக்குப் போனால் கல்லாவில் அவனே நிற்கிறான். தங்கச்சி நல்லா இருக்காளா ஆன்ட்டி என்று என்னிடமே விசாரிக்கிறான். நல்லா இருக்கா தம்பி என்றேன். தைலத்தை அவன் தலையில் கவிழ்க்கக் கை பரபரத்தது. கையில் கிடைத்த சாட்சியை அவசரப்பட்டு வீணாக்கக் கூடாது என்று காசைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் காதை நினைத்துச் சிரித்தவன் என் காதை மறந்துவிட்டான். கோர்ட்டில் சாட்சிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு டைப் அடித்தே காலம் தள்ளுகிறவள் நான். எங்களுக்கு ஒரே விதி, சொன்னது சொன்னபடி. திருத்தவும் கூடாது, பூசி மெழுகவும் கூடாது. இருமினால் அடைப்புக்குறிக்குள் இருமல், சிரித்தால் சிரிப்பு. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு உன் போனோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். யார், எந்த நாள், என்ன சொன்னார் என்று எல்லாவற்றையும் அதிலேயே அடித்தேன். அப்பா காபியை வைத்துவிட்டுப் போனார். சொல்ல எனக்கு வெட்கமே இல்லை, ரசித்துச் செய்தேன். ஒவ்வொரு (சிரிப்பு) அடிக்கும்போதும் மூட்டைப்பூச்சியை நசுக்குகிற திருப்தி.

அதற்குள் ஒரு நல்ல குரலும் இருந்தது. தையற்கடைக்காரர் மகள், திக்கித் திக்கிப் பேசுமே அந்தப் பெண். அவள் அனுப்பியதை யாரும் கடைசிவரை கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவு நீளம். திக்கலை எழுதுவதில்லை என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம், அதனால் எழுத்தில் ஒரே வரியாக வந்தது: "இது தப்பு, குரூப்பை ஆரம்பிச்சதே அவதான், அவளுக்கு எழுதுங்க." நீ பேசி முடிக்கறதுக்குள்ள நமக்கெல்லாம் வயசாயிடும் என்று வெண்கலம் அவளையும் கேலி செய்திருக்கிறான். அன்றே அவள் குரூப்பை விட்டு விலகிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் ஒரு கையில் சாப்பாடும் ஒரு கையில் போனுமாக இருக்கும் நேரம் பார்த்து, உன் எண்ணிலிருந்து அத்தனையையும் அனுப்பினேன். உன்னைக் கேட்காமல் அனுப்பியது தப்புதான், திட்டுவதாக இருந்தால் நேரில் வந்து திட்டு. மேலே இப்படி எழுதினேன்: 'எல்லாவற்றையும் எழுத்தில் தரும்படி என் மகள் பல முறை கேட்டிருந்தாள். உங்களுக்கு நேரமில்லை போலிருக்கிறது. அதனால் நானே எழுதித் தந்துவிட்டேன்.'

நகராட்சியின் இளைஞர் நல அலுவலர் அம்மாவும் அந்த குரூப்பில்தான் இருக்கிறார். வாய்ஸ் மெசேஜ் திறக்க அவருக்கு நேரமில்லை. எழுத்தைப் படிக்க நேரம் இருந்தது.

பிறகு 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று ஒன்றன் கீழ் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. விழுந்தடித்துக்கொண்டு அழிக்கிறார்கள். அழிடா ராஜா, நான் அனுப்பியதை எப்படி அழிப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். வெண்கலத்துக்குக் களிம்பு ஏறிடுச்சு என்றார் அப்பா. அவர் ஜோக் அடித்து எத்தனை காலம் ஆகிறது! சாயங்காலம் தேவையே இல்லாமல் பஞ்சு வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அவன் அலமாரிக்குப் பின்னால் குனிந்துகொண்டான். எங்கே தம்பி, நல்லாப் பேசுவானே என்று அவன் அப்பாவிடம் கடை முழுக்கக் கேட்கும்படி விசாரித்துவிட்டு வந்தேன். அந்தப் பஞ்சை இன்னும் பிரிக்கவில்லை, பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கிறது.

அலுவலர் அம்மா அந்தத் தேர்வை ரத்து செய்துவிட்டார். இனி தேர்வு குரூப்பிலேயே நடக்கும். பேசி அனுப்புகிறவர் அதையே எழுதியும் அனுப்ப வேண்டும். கண் தெரியாதவருக்கு அந்த எழுத்தை அவருடைய போனே வாசித்துக் காட்டுமாம். முதல் நாள் நீ எழுதி வைத்ததைத்தான் இப்போது உத்தரவாகப் போட்டிருக்கிறார். தையற்கடைப் பெண் திரும்பி வந்துவிட்டாள், உன் பெயரைத்தான் முன்மொழிவேன் என்று எழுதியிருக்கிறாள். நீ சம்மதிக்கிறாயா என்று அலுவலர் கேட்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் பதில் போக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

சம்மதம் என்று நான் அடித்துவிட்டேன். அனுப்பவில்லை, அழித்தேன். நீ இல்லாமல் உன் விஷயத்தை முடிவு செய்தவர்களைத்தானே இத்தனை நாளாக நான் கரித்துக்கொட்டுகிறேன்? அதனால் போனை இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன், சார்ஜரும் இருக்கிறது. முடிவு உன்னுடையது. வேண்டாம் என்றால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அவன் மறுபடி அங்கே உட்காருவதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் விதியை மீறினேன். ஒரு வாய்ஸ் மெசேஜில் அவன் உன்னைப் போலப் பேசிக் காட்டுகிறான். நீ பேசினால் வார்த்தை எப்படி வருமோ அப்படியே. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். அதை நான் எழுதவில்லை, (ஒலி) என்று மட்டும் போட்டேன். உன் எதிரிலும் செய்து காட்டியிருப்பான், அவர்கள் சிரித்த முகங்களை நீ பார்த்திருப்பாய். நீ ஏன் வாயை மூடிக்கொண்டாய் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அலுவலர் மன்னிக்கட்டும், நீயும் வேண்டுமானால் மன்னித்துக்கொள். நான் அவனை மன்னிக்க மாட்டேன்.

நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் வேண்டுதல். இன்னொன்றும் கேட்கிறேன். அவர்கள் குரலெல்லாம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. குரூப்புக்கு என்ன பதில் வேண்டுமானாலும் எழுது, அதற்கு முன்னால் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பு. அம்மா என்று ஒரு வார்த்தை போதும், எப்படி வருகிறதோ அப்படி. அதை நான் யாருக்கும் எழுதிக் காட்ட மாட்டேன்.

என் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
அம்மா