கடையாத பை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் தோள்வலி தேவலையா? குதிரைகளும் குட்டிகளும் சுகம்தானே? பிஷ்கெக்கில் நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

குதிரைப்பால் புளித்துக் குமிஸ் ஆகும்போது கடைந்தால்தான் ருசி என்பீர்களே, அதைத்தான் இங்கே ஆய்வகத்தில் சோதிக்கிறோம். ஒரே குதிரைப்பாலை இரண்டு தோல்பைகளில் ஊற்றி, இரண்டிலும் கடைகோல் வைத்து, ஒன்றை மட்டும் கடைந்தோம். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒரே ருசி! "அப்போ கடையறது வீண்வேலைன்னு எழுதிடலாமா?" என்றார் தலைமை ஆய்வாளர் ரைகான் அக்கா. இத்தனை வருஷம் கடைந்து கடைந்து வலிகண்ட உங்கள் தோளை நினைத்து எனக்கு மனசு கேட்கவில்லை.

கடையாத பையை யாராவது தொட்டார்களா என்று காவலாளி சாத்திபால்டியை விசாரித்தோம். "குமிஸ் பையைக் கடையாம யாராவது தாண்டிப் போவாங்களா? நான் என்ன வளர்ப்பு சரியில்லாதவனா?" என்று எகிறினார். வந்தவர் போனவர் எல்லாரும் இரண்டையும் கடைந்திருக்கிறார்கள்!

அறையைப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்து, முதலிலிருந்து தொடங்கினோம். நேற்று ரைகான் அக்கா பின்னாலிருந்து கத்தினார்: "அடியே நூர்பெரி, கையை எடு!" பார்த்தால், தொடக்கூடாத பையின் கடைகோல் என் கையில். உள்ளே நுழைந்ததும் கை தானாகப் போயிருக்கிறது, எத்தனை நாளாகவோ.

ஆகவே மூன்றாம் முறை. இந்த மாதம் ஊருக்கு வர முடியாது, கோபித்துக்கொள்ளாதீர்கள். கம்பளிக் காலுறையும் கொஞ்சம் உலர்தயிர் உருண்டையும் கொடுத்தனுப்புங்கள். கடிதம் கொண்டுவரும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

அந்தக் கடைகோலை அக்கா ஒளித்துவைத்துவிட்டார். உள்ளே போனால் கைக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. முடிவு தெரியும்வரை நீங்கள் கடைவதை நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் மகள்,
நூர்பெரி