நான்காம் அத்தியாயம்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே எல்லோரும் சௌகரியம். அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? மாடிப்படி ஏறாத வீடாகப் பார்க்கச் சொன்னேனே, காதில் போட்டுக்கொண்டாரா? போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

“இன்னும் என்னடி பாக்கி?” என்று கேட்டுக் கேட்டு நீயே சலித்துப் போயிருப்பாய். ஊடகத் துறையில் முனைவர் பட்டம் என்றால் ஒரு கதவைத் திறந்தால் இன்னொரு கதவு. வகுப்புப் பாடங்கள், தகுதித் தேர்வு, அரையாண்டுக்கு ஒருமுறை குழுவின் முன்னால் நிற்பது, எல்லாம் தாண்டியாயிற்று. ஆய்விதழில் இரண்டு கட்டுரைகள் வர வேண்டும். ஒன்று வந்துவிட்டது, இன்னொன்றை ஏற்றுக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய பொதுக் கருத்தரங்கு. அதில் குழு தலையசைத்தால் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். படிப்பை முடிக்கத் தந்த கடைசி நீட்டிப்பும் இந்த மாதத்தோடு சரி. பட்டம் இல்லாவிட்டால் கல்லூரியில் என் வேலையும் இந்த ஆண்டோடு சரி.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. எதற்கும் முற்றுப்புள்ளி வைக்கவே மாட்டார். அவரே என் நான்காம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, “இதுல கை வைக்காதீங்க, இதுதான் உயிர்” என்றார்.

அந்த அத்தியாயம் ஒரு தையல்காரம்மாவைப் பற்றியது. பல வருடங்களுக்கு முன் ஒரு கட்டடம் இடிந்து அவர் கணவர் உள்ளே மாட்டிக்கொண்டார். வெளியே நின்றவரிடம் மைக்கை நீட்டிக்கொண்டே, கணவர் இறந்துவிட்ட சேதியைச் சொன்னார் ஒரு நிருபர். அந்த முகத்தைத்தான் எல்லாச் சேனல்களும் திரும்பத் திரும்பக் காட்டின. அந்த நொடியில் மனதுக்குள் என்ன ஓடியது என்று அவரிடம் யாருமே கேட்டதில்லை. நான் கேட்டேன். தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதை உனக்கும் எழுத மாட்டேன், அக்கா. கோபித்துக்கொள்ளாதே.

அவருடைய மகள் இந்த வருடம் எங்கள் துறையிலேயே சேர்ந்திருக்கிறாள். அறிவிப்புப் பலகையில் என் கருத்தரங்குச் சீட்டைப் பார்த்துவிட்டு, “நம்ம கடைக்கு வருவாங்களே, அந்த அக்கா பேசறாங்கம்மா, நான் போறேன்” என்று அம்மாவிடம் குதித்திருக்கிறாள். அடுத்த நாள் தையல்காரம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“பேரு மாத்திட்டீங்கன்னு தெரியும். ஆனா அவ படிச்சா கண்டுபிடிச்சிடுவா. நான் உங்ககிட்ட சொன்னது அவளுக்குத் தெரிய வேணாம். எடுத்துடுங்கம்மா.”

“சரி” என்று நான் உடனே சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். கெஞ்சியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

பேராசிரியரிடம் ஓடினேன். “சம்மதம் குடுத்தாங்கல்ல? விதிப்படி எல்லாம் சரியா இருக்கு. இத எடுத்தா மிச்சம் வெறும் புள்ளிவிவரம்தான். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டம். அவர் அறையிலிருந்து வெளியே வந்து, நடைபாதைக் கடைசியில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல், குடிநீர்க் குழாயருகே நின்றிருந்தேன். இத்தனை வருடம் நடந்த கட்டடம் அது.

கருத்தரங்கன்று தையல்காரம்மாவின் மகள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்றாம் அத்தியாயம் முடிந்ததும், “நான்காவதை நீக்கிவிட்டேன்” என்று சொல்லி ஐந்தாவதற்குப் போனேன். குழுவில் ஒருவர் காரணம் கேட்டார். பேசியவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றேன். மேலே என்ன கேட்டும் நான் வாய் திறக்கவில்லை. பேராசிரியர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். ‘சமர்ப்பிக்கும் நிலையில் இல்லை’ என்று எழுதிவிட்டார்கள். அந்தப் பெண் வெளியே வந்து, “பரவாயில்லக்கா, அடுத்த தடவ நல்லா பண்ணிடுவீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் பேராசிரியரே ஒரு வழி சொன்னார். ஏற்றுக்கொண்ட இரண்டாவது கட்டுரை கையில் இருக்கிறது, அதைக் காட்டித் துணைவேந்தரிடம் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்கலாம் என்று. அக்கா, அந்தக் கட்டுரையும் நான்காம் அத்தியாயம்தான். இரண்டு நாள் அதை வைத்துக்கொண்டு திண்டாடினேன். ஆய்விதழை அந்தப் பெண் எங்கே படிக்கப் போகிறாள் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். அந்தத் துறையில் படிக்கிறவள் வேறு எதைப் படிப்பாள்? இன்று காலை ஆய்விதழுக்கு எழுதி அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன். தையல் கடைக்குப் போய்ச் சொன்னேன். அவர் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இனி வேண்டுமானால் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். மறுபடியும் வகுப்பு, தேர்வு, குழு. செய்தது தப்பு என்று தோன்றவில்லை. ஆனால் நிம்மதியும் வரவில்லை. நல்லது செய்தால் மனசு லேசாகும் என்பார்களே, யாருக்கு ஆயிற்றோ தெரியவில்லை.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. நான் டிவியைப் பற்றி ஆராய்ச்சி செய்வதால் வீட்டில் டிவி போடாமலே இத்தனை வருடம் இருந்துவிட்ட மனுஷர். நேற்றுகூட, “முடிஞ்சதும் சத்தமா ஒரு மேட்ச் பாக்கணும்” என்று குழந்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சமையலறையில் தட்டைத் துடைத்தபடியே நின்றேன்.

பட்டமளிப்பைப் பார்க்க டிக்கெட் எடுத்துவிட்டதாக அத்தான் செய்தி அனுப்பியிருந்தார். அங்கியும் இல்லை, மேடையும் இல்லை. இருந்தாலும் டிக்கெட்டை மட்டும் ரத்து செய்துவிடாதே. இங்கே பார்க்க ஒன்றும் இருக்காது, நான் மட்டும்தான் இருப்பேன். வா அக்கா.

உன் வரவை எதிர்பார்க்கும்
தங்கை