சிவரூபன் சொன்ன 'ஓம்'

நெல்லியடி,
03.03.2024

அன்புள்ள நிரோஜினிக்கு,

நீயும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். என் அழைப்பை நீ எடுக்காதபடியால் கையால் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். தபாலில் போட்டால் பிந்திவிடும். என் சிவரூபனை வருகிற பதினான்காம் திகதி நோர்வேயிலிருந்து திருப்பி அனுப்பப் போகிறார்கள்.

அகதி விசாரணை முடிந்த அன்று இவர் சந்தோஷமாகத்தான் கதைத்தார். "போனிலை மொழிபெயர்த்தது எங்கடை நிரோஜினி. பேர் சொல்லேல்லை, ஆனா குரல் எனக்குத் தெரியும். இனிப் பயமில்லை" என்றார். நானும் கோயிலுக்குப் போய் உன் பெயருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்தேன்.

நிராகரித்த கடிதத்தை வழக்கறிஞர் விளக்கிய பிறகுதான் நடந்தது தெரிந்தது. இயக்கத்துக்கு உதவி செய்தீர்களா என்று அதிகாரி கேட்டதை நீ தமிழில் பாதி சொல்லி நிறுத்தியிருக்கிறாய். இவர் "ஓம்" என்றிருக்கிறார். கேட்கிறது, மிச்சத்தையும் சொல்லுங்கோ என்ற ஓம். கேள்வி முழுதும் வந்த பிறகு "இல்லை, ஒருநாளும் இல்லை" என்றிருக்கிறார். முதலில் ஒப்புக்கொண்டு பிறகு மறுத்தார், நம்பத்தகாதவர் என்று எழுதிவிட்டார்கள்.

மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர் என்றால் மனத்தைத் தேற்றியிருப்பேன். அவர்களுக்கு ஓம் மந்திரம், சம்மதத்துக்கு ஆமா. இவர் இருக்கிற அகதி முகாமில் சமைக்கும் இந்தோனேசியர் இவரை ஓம் என்றே கூப்பிடுவாராம். ஒல்லாந்தர் அங்கே விட்டுப்போன சொல், மாமா என்று அர்த்தமாம். நோர்வே மொழியில் கிட்டத்தட்ட அதே ஓசைக்கு 'என்றால்' என்பதுபோல ஏதோ பொருளாம். அவர்கள் எப்படியும் விளங்கிக்கொள்ளட்டும். நீ உடுப்பிட்டியில் பிறந்தவள். பள்ளிக்கூட பஸ்ஸில் நீ கதைகதையாகச் சொல்லிக்கொண்டு வர, நான் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டு வருவேன். அதில் எதைச் சம்மதமென்று எடுத்தாய்?

போனில் ஒருமுறை மட்டும் அகப்பட்டாய். "அவர் ஓம் எண்டார். நான் அதைத்தான் அவையின்ரை பாஷையிலை சொன்னன் ஆரபி. அதிலை என்ன பிழை?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். தெரிந்த ஆளுக்கு மொழிபெயர்க்கக் கூடாதாமே. எங்கள் கல்யாணத்தில் தோழியாக நின்றவள், இவரைத் தெரியாது என்று கையெழுத்து வைத்திருக்கிறாய். இப்போது வாய் திறந்தால் உன் வேலை போகும். அது எனக்கு விளங்குகிறது. விளங்கியும் என் கோபம் ஆறவில்லை.

போன கிழமையும் புலனாய்வுக்காரர் இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, இவர் வருகிற விமானம் எது என்று விசாரித்தார்கள். திகதி எனக்குத் தெரிய முன்னமே அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சின்னவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

வழக்கறிஞர் கேட்பது உன் கையெழுத்தோடு மூன்று வரிதான். அந்த ஓம் எந்த ஓம் என்று எழுதினால் போதும். பதினோராம் திகதிக்கு முன் கிடைத்தால் வழக்கைத் திரும்ப எடுப்பார்களாம்.

உன் அம்மாவுக்கு இது ஒன்றும் தெரியாது. நான் சொல்லவும் மாட்டேன். நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் புதன்கிழமை அவவைக் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே வரிசையில் இருக்கிற எல்லோரிடமும், தன்ரை மகள் வெளிநாட்டில் எங்கடை சனத்துக்காகக் கதைக்கிறாள் என்று சொல்லுவா. அந்தப் பெருமை அவவுக்குக் கடைசிவரை இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஆரபி