சிவப்பு பானெட்டில் ஆரைக்கீரை

இன்று காலை காவாந்தண்டலத்தில் உன் காரின் பானெட்டைப் பார்த்தேன். வயலோரத்து மோட்டார் செட்டின் மேல், மழை படாமல் இருக்கக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். நான் அடித்த சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஓரமெல்லாம் துரு. ஆனாலும் என் பிரஷ் போன தடம் எனக்குத் தெரியாதா? பெயிண்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் இந்த ஊர்ப் பக்கம் நான் வந்ததில்லை. சுற்றுவட்டாரத்தில் டிராக்டர் வாங்குகிறவர்களுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுக்கிறவன், காவாந்தண்டலம் என்றால் மட்டும் காய்ச்சல், கைவலி என்று ஏதாவது சாக்கு சொல்லிவிடுவேன். இந்தத் தடவை வீட்டு வாசலுக்கே வந்து நின்று கூப்பிட்டார்கள். மாட்டிக்கொண்டேன்.

அந்தக் காரை நீ மெட்ராசில் நாலாவது கையாக வாங்கி ஓட்டிவந்த நாள் நினைவிருக்கிறது. வாடகைக்கு ஓட்டத்தான் வாங்கினாய். பின்சீட்டுக்கு அடியில் வெளிநாட்டு மோட்டார் பத்திரிகைகள் ஒரு கட்டு கிடந்தன. சவாரி இல்லாத நேரமெல்லாம் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நீ அவற்றைப் படித்தாய். உன் வண்டி பம்பாயில் செய்தது, ஆனால் ஆதி வார்ப்பு இத்தாலிக்காரனுடையது. அந்த ஒரு உறவை வைத்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நீ பண்ணிய அலட்டல் கொஞ்சமா?

பந்தயத்தில் ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு நிறமாம், இத்தாலிக்குச் சிவப்பாம். ஊர்ச் சாலையிலேயே ஆயிரம் மைல் பந்தயம் நடக்குமாம். எத்தனை மணிக்கு வண்டி புறப்பட்டதோ அதுவே வண்டியின் நம்பராம். பால்காரர் ஏழு இருபதுக்கு வந்தால் "எழுநூத்தி இருபது வந்துட்டாருப்பா" என்பாய். சண்டையில் செத்த விமானி ஒருவன் தன் விமானத்தில் கறுப்புக் குதிரை வரைந்திருந்தானாம். அவன் தாய் அதை ஒரு பந்தயக்காரனுக்குக் கொடுத்தாளாம். செத்தவன் குதிரை இன்னும் ஓடுகிறது என்று நீ சொன்னபோது டீ ஆற்றுகிறவர்கூடக் கையை நிறுத்திவிட்டார்.

நாலு இலைக் கதையும் அங்கேதான் சொன்னாய்.

"அவங்க ஊர்ல மூணு எலையோட ஒரு புல்பூண்டு கீதுடா. ஆயிரம் பொறுக்கினா ஒண்ணுலதான் நாலு எலை இருக்குமாம். கெடச்சா அதிர்ஷ்டமாம். ஒருத்தன் அத்த வெள்ளைக் கட்டம் போட்டு வண்டில வரைஞ்சிக்கினு போயி ஜெயிச்சிட்டான்."

படத்தைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். "இன்னாடா இது, ஆரக்கீரை! நம்ம கயனில எல்லாமே நாலு எலைதான். கடைஞ்சி துன்னுட்டு ஏப்பம் வுட்டுக்கினு கீறோம்."

"அதான் நம்ம கிட்ட அதிர்ஷ்டம் தங்கல. வயித்துக்குள்ள பூடுச்சி" என்றாய்.

மீதியை வண்டிக்குள் உட்கார்ந்து, குரலை இறக்கி, எனக்கு மட்டும் சொன்னாய். அதே வருஷம் புது வண்டியை வெள்ளோட்டம் பார்க்கப் போனானாம் அவன். அதில் இலையை இன்னும் வரைந்திருக்கவில்லையாம். வண்டி நம்பர் பதினேழு. திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு இத்தாலி வண்டிகளுக்குப் பதினேழு கொடுப்பதில்லையாம். நண்பன் இல்லாத குறைக்கு, வெள்ளைக் கட்டத்தில் ஒரு மூலையை எடுத்துவிட்டு முக்கோணமாக வரைந்தார்களாம். உனக்குப் புல்லரித்திருந்தது. எனக்கும்தான்.

மறுநாளே உன் பானெட்டில் வெள்ளைக் கட்டமும் ஆரைக்கீரையும் வரைந்து கொடுத்தேன். நீ ரசித்தாய். ஆனால் வாய் சும்மா இருந்ததா? டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "கீரை வரைடான்னா நண்டு வரைஞ்சி வச்சிக்கீறான்" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே சுருக்கென்றது.

அந்தத் தை மாதம் வண்டி முழுக்க இத்தாலிச் சிவப்பு அடிக்கச் சொன்னாய். அடித்தேன். பழைய இலை சிவப்புக்குள் மறைந்துபோயிற்று. பனிக்காலம், கடைசிப் பூச்சு காயவில்லை, விரல் வைத்தால் ஒட்டியது. அன்று காலை காவாந்தண்டலத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் மூச்சிரைக்க வந்தார். வீட்டில் மனைவிக்குப் பிரசவ வலி, செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். நீ என் கொட்டகைக்கு ஓடிவந்து சாவியைக் கேட்டாய். பானெட்டைப் பார்த்தாய்.

"எலை போடலியாடா?"

"நண்டு வரையறவன்கிட்ட எதுக்குக் கேக்கற?" என்றேன், உன் முகத்தைப் பார்க்காமல். பச்சை டப்பா திறந்துதான் இருந்தது. ரெண்டு நிமிஷ வேலை. செய்யவில்லை.

கொள்ளு அறுத்த காலம் அது. வண்டிச் சக்கரம் ஏறினால் மணி உதிரும் என்று செடியைச் சாலையில் பரப்பி வைப்பார்களே, காவாந்தண்டலம் போய்ச் சேருமுன்பே அதன்மேல் சக்கரம் வழுக்கிப் பனைமரத்தில் மோதியது என்றார்கள். கூட வந்தவருக்குக் கால் முறிவு. நீ இல்லை. அந்தப் பெண் வீட்டிலேயே பெற்றுப் பிழைத்துக்கொண்டாள்.

இலை இல்லாமல் உன்னை அனுப்பிவிட்டேன். பத்து வருஷமாக எனக்கு இது ஒன்றுதான் நினைப்பு. நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பதல்ல. நீ கேட்டாய், நான் தரவில்லை. சிவப்பு டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் என் பின்னால் நின்று நீ கேட்கிறாய். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

இன்று என்னைக் கூப்பிட்டவர் அந்தக் கால் முறிந்தவர்தான். புது டிராக்டரில் மகள் பெயர் எழுத வேண்டுமாம். அன்று பிறந்த பெண். வரப்பில் உட்கார்ந்திருந்த என்னிடம் நொண்டியபடி வந்தார்.

"உங்க சிநேகிதர் வண்டிதான் அண்ணே. காயலாங்கடைக்குப் போவ இருந்துச்சி. எனக்கு மனசு வரல, கேட்டு வாங்கியாந்துட்டேன். இங்க பாருங்க."

பானெட்டின் நடுவில் துருவைக் கையால் துடைத்தார். சிவப்புக்குள் பதிந்து, நரம்புகூடத் தெரிய, ஓர் ஆரைக்கீரை. இலை மட்கிப்போய் அச்சு மட்டும் நின்றிருந்தது.

"ஏரிக்கரை தாண்டினதும் வண்டிய நிறுத்தினாரு. இன்னா அண்ணே, வீட்ல அவ வலில துடிச்சிக்கினு கீறான்னேன். அர நிமிசம்னு சொல்லிட்டு வாய்க்கால்ல எறங்கிக் கிள்ளிக்கினு வந்தாரு. ஈரப் பெயிண்ட்ல வச்சிக் கட்ட வெரலால அமுத்தினாரு. ‘பாத்தியா, இது நண்டு இல்ல. அந்தக் கோவக்காரன் சாயங்காலத்துக்குள்ள எறங்கி வந்துடுவான், இதும் மேலயே வரையச் சொல்றேன்’னு சிரிச்சாரு."

எனக்கு அழுகை வந்தது. நீ இலையோடுதான் போயிருக்கிறாய் என்று நெஞ்சு ஒரு நொடி லேசானது. அவர் நிறுத்தவில்லை.

"அப்பால கொஞ்ச தூரந்தான். ஒரு மாட்டு வண்டி அப்பத்தான் கயனிலேர்ந்து ரோட்டுல ஏறிச்சி. ஸ்டேரிங்க ஒடிச்சாரு. கொள்ளுச் செடி வயிக்கிவுட்டுடுச்சி. கொஞ்சம் முன்னால போயிருந்தா வண்டி குறுக்க வந்தே இருக்காது."

சொன்னது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. இலையை நான் போட்டிருந்தால் அந்த அரை நிமிஷம் நீ நின்றிருக்க மாட்டாய்.

டிராக்டரில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி முடித்தேன். பிறகு பானெட்டுக்கு வந்தேன். நீ அமுத்திய அச்சுக்குள் பச்சையை நிரப்பினேன். சுற்றிலும் வெள்ளை அடித்தேன், ஒரு மூலையைச் சிவப்பாகவே விட்டு. சாயங்காலத்துக்குள் இறங்கி வந்துவிடுவேன் என்றாயே, பத்து வருஷம் ஆகிவிட்டதடா. நண்டு மாதிரி இல்லை. வந்து பார்த்தால் நீயே ஒத்துக்கொள்வாய்.

மோட்டாருக்கு மழை மறைப்பு வேண்டும் என்பதால் பானெட்டைக் கேட்கவில்லை. அந்த அரை நிமிஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன்.