பாபினுக்குக் கழுவாத கறி

என் செல்ல அத்தாவுக்கு,

அன்று ஆஸ்பத்திரியில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு நீங்கள் கேட்டது கடையைப் பற்றி அல்ல, எங்களைப் பற்றியும் அல்ல. "பாபினுக்கு யாரு தீனி வைக்கிறா?" என்றீர்கள். "அதுக்குப் படைச்சவன் வைப்பான், நீங்க பேசாமக் கெடங்க" என்றார்கள் அம்மா. "நான் பாத்துக்கறேன் அத்தா" என்ற சொல் என் வாய் வரை வந்தது. சொல்லிவிட்டால், நீங்கள் வீடு திரும்பப் போவதில்லை என்று நானே ஒத்துக்கொண்டது போல ஆகிவிடும் என்று பயந்தேன். உங்கள் போர்வையைச் சரிசெய்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றேன்.

மலையாளத்தில் என்றால் இந்தக் கடிதம் எனக்கு வேகமாக வந்திருக்கும். ஆனால் நாம் பேசிக்கொண்டதெல்லாம் தமிழில்தானே.

நீங்கள் மவுத்தாகிப் போன பிறகு மட்டாஞ்சேரி வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், பாபின். பாபின், சுள்ளிக்கல்லில் உங்கள் தையல் கடைக்கு வந்துகொண்டிருந்த அந்தப் பையன் துபாய்க்குப் போகும்போது, "ரெண்டு ஆழ்ச்ச மதி, இக்கா" என்று, இரண்டே வாரம் எனச் சொல்லி, கூண்டோடு விட்டுப்போன ஃபெரெட். கீரி போல நீண்ட உடம்பு, திருடன் போலக் கண்ணைச் சுற்றிக் கறுப்பு. வந்த அன்றே மெஷினிலிருந்து நூல்சுற்றும் பாபினைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் அதுவே அவன் பெயராகிவிட்டது. பையன் திரும்பி வரவே இல்லை. சம்பளம் கேட்காத கூட்டாளி என்று நீங்கள் அவனைக் கடையிலேயே வைத்துக்கொண்டீர்கள்.

நீங்கள் போன சில வாரங்களில் அவன் சோர்ந்துபோனான். பின்னங்கால்கள் தளர்ந்து, எங்கோ வெறித்துக்கொண்டு கிடந்தான். துக்கம் என்றே நினைத்தேன். தோப்பும்படியில் இருக்கும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். பூனை பிஸ்கட், அப்புறம் சாயாவில் முக்கிய ரஸ்க் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ரஸ்க் ஆரா கொடுத்தது?"

"என் அத்தா. இப்போ இல்ல."

கொஞ்ச நேரம் பாபினின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "ஸாரமில்ல. ஸ்நேகத்தோட கொடுத்ததல்லே" என்றார். பரவாயில்லை என்கிற அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துவிட்டது.

ஃபெரெட்டின் குடல் மிகவும் குட்டை, அத்தா. மாவையும் இனிப்பையும் அதற்குச் சமாளிக்கத் தெரியாது, சர்க்கரை தாறுமாறாக ஏறி இறங்கும். அது இறைச்சி மட்டுமே தின்னப் பிறந்த உயிர். அதற்காகக் கோழித் துண்டு ஒன்றைப் போட்டால் போதும் என்றும் இல்லை. காட்டில் ஓர் எலியைப் பிடித்தால் சதை, எலும்பு, ஈரல், இதயம் எல்லாமே வயிற்றுக்குள் போகும் அல்லவா? அதையே நாம் கடையில் வாங்கிச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பத்துப் பங்கில் ஏறக்குறைய எட்டு சதை. ஒரு பங்கு மெல்லிய எலும்பு, அதுவும் பச்சையாக. வேகவைத்த எலும்பு தெறித்துத் தொண்டையைக் கிழிக்கும். மிச்சப் பங்கில் பாதி ஈரல், பாதி சிறுநீரகம். ஈரல் கூடினால் கெடுதல். இதயத்தைச் சதைக் கணக்கில் தாராளமாகச் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். அதில் டாரின் என்று ஒரு சத்து இருக்கிறது; அது குறைந்தால் அவனுடைய இதயமே பழுதாகிவிடும்.

ஒவ்வொரு தட்டிலும் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், ஒரு வாரத்தில் சரியானால் போதும் என்றார் டாக்டர். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. மனிதர்களுக்கும் அப்படித்தானோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் யோசித்தேன். கோழிக் கழுத்தும் இறக்கை நுனியும் எலும்புக்கு. கோழி இதயம் தினமும். கல்லீரலும் சிறுநீரகமும் நகத்தளவு. கோழி மட்டும் போதாது என்பதால் நடுவில் ஆட்டுக்கறி, மாட்டு இதயம், ஒருநாள் முழுக் காடை. ஒருநாள் முட்டை மஞ்சள்கரு. பச்சை மத்தி அடிக்கடி கூடாது என்று டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னபோது அம்மாவுக்கு வருத்தமாகிவிட்டது. "கொச்சியில இருந்துக்கிட்டு மத்தி திங்காத சென்மமா?"

அம்மா இத்தாவில் இருந்தார்கள். கணவர் இறந்தபின் வாசல் தாண்டாமல் வீட்டிலேயே இருக்க வேண்டிய மாதங்கள். அதனால் கறிக்கடைக்குப் போவது நான்தான். காலையில் கறி வாங்கிப் பங்கு பிரித்து வைத்துவிட்டு, எறணாகுளத்து நூலக வேலைக்குப் படகு பிடித்துவிடுவேன். ஃபெரெட்டுக்கு ஒரே வேளையாக வைத்தால் ஆகாது, மூன்று நான்கு மணிக்கொரு தரம் பசிக்கும். பகலில் அம்மா வைப்பார்கள், அரைமணியில் மிச்சத்தை எடுத்துவிடுவார்கள். நம் ஊர் வெக்கையில் பச்சைக்கறி தாங்காதே.

கோழிக்கடை இக்காவுக்கு, வீட்டில் ஏதோ மாந்திரீகம் நடக்கிறதோ என்று சந்தேகம். "எந்தா மோளே, தெவசமும் கழுத்தும் ஹார்ட்டும்? வீட்டுல மந்திரவாதம் வல்லதும் உண்டோ?"

"கீரி மாதிரி ஒண்ணு வளக்குறோம் இக்கா."

"கீரியோ? கீரிக்குப் பாம்பல்லே வேண்டது? அது இவிட கிட்டில்ல."

சிரித்துக்கொண்டே வந்தேன். ஆனால் பாபின் தின்னவில்லை, அத்தா.

குட்டியில் எதை மோந்து பழகியதோ அதைத்தான் ஃபெரெட் சாப்பாடு என்று நம்பும். வளர்ந்தபின் மாற்றுவது கஷ்டம். பூனை பிஸ்கட்டைப் பொடித்துக் கறியின் மேல் தூவி, நாளுக்கு நாள் பொடியைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையில் நான் வைக்கும்போது பொடியை நக்கிவிட்டு, கறியையும் கொஞ்சம் கடித்துப் பார்ப்பான். பகலில் அம்மா வைப்பதைச் சீந்துவதே இல்லை. சமையலறைத் தராசில் அவன் எடை குறைந்துகொண்டே வந்தது. பசியோடு விட்டால் இவன் தாங்கமாட்டான் என்று டாக்டர் போனில் எச்சரித்தார்.

இடக்கொச்சி மாமா வந்து பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த வளர்ப்புப் பிராணிக் கடையில் கொடுத்துவிடலாம் என்றார். "எலும்பும் தோலுமாக் கெடக்கு. அவனுங்களுக்குத் தெரியும் இதெல்லாம்."

அம்மா அவரை மறுத்துப் பேசவில்லை. "வர்ற வாரம் வரைக்கும் பாப்போம். இந்த வீட்டுத் தீனி வேணாம்ங்குது, நான் என்ன பண்ணட்டும்?" என்றார்கள். அம்மா குரலில் கோபம் இல்லை. ஏதோ தோற்றுப்போன குரல்.

நான் ஒரு நாள் லீவு போட்டேன். மதியம் சமையலறையில் தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. போய்ப் பார்த்தால், நான் பிரித்து வைத்திருந்த இதயங்களையும் கழுத்தையும் அம்மா சட்டியில் போட்டு, கல்லுப்பும் மஞ்சளும் சேர்த்துப் பிசைந்து கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு இதயத்தையும் கீறி, உள்ளே இருந்த ரத்தத்தைப் பிதுக்கி எடுத்திருந்தார்கள். கறி துணி மாதிரி வெளுத்துப்போயிருந்தது.

"அம்மா, தெனமும் இப்படியா செய்றீங்க?"

"பின்ன? கழுவாம யாராச்சும் கறி வைப்பாங்களா?"

"அந்த ரத்தத்துலதாம்மா அதுக்கு வேண்டிய சத்தெல்லாம் இருக்கு. மஞ்ச வாடை வந்தா அது கிட்டயே வராது. அதுக்கு ஏதும்மா ஹராமும் ஹலாலும்?"

"அதுக்கு இல்ல. வைக்கிற கைக்கு இருக்கே."

"அறுக்கும்போது ஓடுற ரத்தம்தானேம்மா விலக்கு? கறிக்குள்ள தங்கினது இல்லைன்னு நீங்கதானே சொல்வீங்க?"

அம்மா கழுவுவதை நிறுத்தவில்லை. "அதெல்லாம் எனக்குத் தெரியும்டி. ஒங்க அத்தாவுக்குக் கொஞ்சம் கவுச்சி அடிச்சாலும் தட்டத் தள்ளி வச்சுட்டு எந்திரிச்சுருவாரு" என்றார்கள்.

சொன்ன பிறகுதான் அம்மாவுக்கே அது கேட்டது என்று நினைக்கிறேன். குழாயை மூடினார்கள். இரண்டு பேரும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கழுவாதது இருக்கா?" என்று கேட்டார்கள் கொஞ்சம் கழித்து.

ஃபிரிட்ஜில் சாயங்காலப் பங்கு இருந்தது. அதிலிருந்து ஓர் இதயத்தை அம்மா இரண்டு விரலால் எடுத்தார்கள். கண்ணில் மிளகாய் பட்டது போல முகம் சுளித்திருந்தது. தரையில் உட்கார்ந்து நீட்டினார்கள். பாபின் வந்து மோந்தான், விலகினான், மறுபடியும் வந்தான். அம்மா விரலிலிருந்த ரத்தத்தை முதலில் நக்கினான். பிறகு இதயத்தைக் கவ்விக்கொண்டு சோபாவுக்கு அடியில் போனான். அங்கிருந்து மெல்லும் சத்தம் வந்தது.

"தின்னுறாண்டி" என்றார்கள் அம்மா. அதுவரை அவனை அது என்றுதான் சொல்வார்கள்.

இப்போது எடை ஏறிவிட்டது, அத்தா. ரோமம் பளபளக்கிறது. பின்னங்கால் முன்போல் தளர்வதில்லை. ஆனாலும் மாதம் ஒருமுறை ரத்தச் சர்க்கரை பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். பார்க்கிறோம். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் மட்டும் போகவில்லை. பிடித்த துண்டை ஒளித்து வைப்பான். போன வாரம் அம்மாவின் தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் கோழிக் கழுத்து கிடந்தது. அம்மா திட்டிய திட்டு எறணாகுளம் வரை கேட்டிருக்கும். திட்டி முடித்துவிட்டு, சாயங்காலம் காடை வைக்கும் முறையா என்று கேட்டார்கள். வாரக் கணக்கு என்னைவிட அம்மாவுக்குத்தான் இப்போது மனப்பாடம்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவன் இருக்கும் வரை அவனுக்கு வேண்டியதை, அவனுக்கு வேண்டிய மாதிரியே வைப்போம். நான் வெளியூருக்கு வேலை மாறிப் போனாலும் அவனும் அம்மாவும் என்னோடு வருவார்கள்.

இத்தா முடிந்த அன்று மாமா ஆட்டோ அனுப்பியிருந்தார். முதலில் இடக்கொச்சிக்குப் போய் எல்லோரையும் பார்ப்பதாகத்தான் ஏற்பாடு. சந்தைக்குப் பக்கத்தில் அம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி, கோழிக்கடையில் இதயங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கினார்கள். இக்கா பழக்கத்தில் குழாயடிக்குக் கொண்டுபோனார். "கழுவாதீங்க" என்றார்கள் அம்மா. பிறகு, பாபினுக்கு வைத்துவிட்டுப் போவோம் என்று ஆட்டோவை வீட்டுக்குத் திருப்பச் சொன்னார்கள். மாமா வீட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதியம் தாண்டிவிட்டது.

உங்கள் மகள்,
ஷமீமா