அம்மா கை வைக்காத தாம்பூலம்

பசுந்தாங், ரங்கூன்
கார்த்திகை 5

சிரஞ்சீவி நல்லப்பனுக்கு அம்மா அநேக ஆசீர்வாதம். முருகன் கிருபையில் இங்கே நான், அப்பா, உன் தங்கை மூவரும் சுகம், பினாங்கில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர வீட்டில் ஒரு யுத்தம் நடந்து இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது, சோறு சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

கனகாவுக்குப் பள்ளிக்கூடத்தில் அமெரிக்கா சரித்திரம் நடக்கிறது, சொல்லித்தரும் துரைசானி அந்த ஊர்க்காரி, கேட்க வேண்டுமா. இவள் ஜன்னலோரம் நின்றுகொண்டு ஜார்ஜ் ராஜா கொடுங்கோலன், ஜார்ஜ் ராஜா ஒழிக என்று தெருவுக்கே கேட்கும்படி உருப்போடுகிறாள். துறைமுக ஆபீசில் சம்பளம் வாங்கும் உன் அப்பாவுக்கு வேட்டி நனையாத குறைதான். ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். அது மூணாவது ஜார்ஜுப்பா, இப்ப இருக்கிறவர் அஞ்சாவது என்று இவள் சொல்ல, போலீஸ்காரன் எத்தனாவதுன்னு எண்ணிப் பாத்துட்டா பிடிக்கப் போறான் என்று அவர் கத்துகிறார். அந்த அமெரிக்காக்காரர்களும் காங்கிரஸ் என்று ஒன்று கூட்டினார்களாம், அந்தப் பேரைக் கேட்டதும் மறு ஜன்னலையும் சாத்தினார். எனக்கும் அந்தக் கதையெல்லாம் பாடம் ஆகிவிட்டது. வாஷிங்டன் சேனாதிபதி, பனியில் அவர் படைக்குக் காலுக்குச் செருப்பில்லை. பிராங்க்ளின் என்ற பெரியவர் இடி மழையில் காற்றாடி விட்டவர், அவர் பெண்டாட்டி என்ன பாடு பட்டாளோ. ராஜாவை எதிர்த்தவர்கள் தேசபக்தர்கள், ராஜா பக்கம் நின்றவர்கள் ராஜ விசுவாசிகள். நம் வீட்டு விசுவாசி யார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் உன் அப்பா ஆபீஸ் விட்டு வரும்போது லான்மடா தெருவில் டிராமை விட்டு இறங்கி, உன் சிநேகிதன் கருப்பண்ணனின் மாமா இராமையா கடையில் அவர் கையால் நிச்சயத் தாம்பூலத் தட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பினாங்கில் நீயும் கருப்பண்ணனும் பேசி முடித்துவிட்டீர்களாம், தை மாதம் கனகாவுக்கும் அவனுக்கும் கல்யாணமாம், நீ அப்பாவுக்கு மட்டும் தனியாக எழுதியிருந்தாயாம். மாசியில் அவளுக்குப் பரீட்சை, அது முடிந்து வாத்தியாரம்மா ஆகவேண்டும் என்று அவள் கனாக் காண்பது உனக்கும் தெரியும். அவள் புத்தகத்தை மூடிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவள் கூட நின்று கை வைக்காமல் தாம்பூலம் வாங்குகிற வழக்கம் எந்தச் சீமையில் இருக்கிறது, சொல். போதாததற்கு டிராமில் வரும்போது வாய் சும்மா இருக்காமல் அந்தத் தட்டிலிருந்தே ஒரு வெற்றிலையை எடுத்துப் போட்டு மென்றுவிட்டும் வந்திருக்கிறார்!

எங்களுக்குப் பிரதிநிதி இல்லாத லண்டன் பார்லிமெண்டு எங்களுக்கு வரி போடக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டினார்களாம். காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட எனக்கு மனசு வருமா, தேயிலை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். என்னைக் கேக்காம வாங்கின தட்டு செல்லாது, செல்லாத வீட்டுல தேத்தண்ணியும் கிடையாது என்றேன். இரண்டு நாள் கடையில் குடித்தார், மூன்றாம் நாள் வயிறு கலங்கி வந்தார். கீழ்வீட்டுப் பர்மாக்காரி டோ மியா சமாதானம் செய்ய மேலே வந்தவள், விஷயத்தைக் கேட்டுவிட்டு, கட்டிக்கப் போறவளையே கேக்கலையா என்று அவள் பாஷையில் கேட்டாள். பர்மாக்காரர்களில் பெண்ணைக் கேட்பதும் உண்டா என்று கேட்பதுபோல் உன் அப்பா என்னைப் பார்த்தார். பிறகு தானே எழுந்து கனகா படுத்திருந்த இடத்துக்குப் போய், நீ என்னம்மா சொல்றே என்று கேட்டார். பரீட்சை எழுதணும்ப்பா என்றாள், அவ்வளவுதான்.

புது வெற்றிலை வாங்கித் தட்டை நிறைத்து நாங்கள் இருவருமாய்ச் சேர்ந்து போய்த் திருப்பி நீட்டினோம். இராமையா கோபிக்கவில்லை, வாங்கவும் இல்லை. வாக்குக் குடுத்தது உங்க மகன், வேணாம்னு அவன்தான் கருப்பண்ணன்கிட்டச் சொல்லணும், அதுவரைக்கும் தட்டு இங்க பொதுவுல இருக்கட்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். ஆகையால் நல்லப்பா, கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு இங்கே இருக்கிறவர்களுக்குச் சட்டம் போட்ட பார்லிமெண்டு நீதான். அவள்மேல் உனக்குப் பிரியம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன், நல்ல இடம் என்றுதான் செய்தாய், கருப்பண்ணனும் தங்கமான பிள்ளைதான். ஆனால் பிரியம் இருந்தால் கேட்கவேண்டாம் என்று ஆகிவிடுமா. பகலெல்லாம் வாஷிங்டன் மாதிரி நிற்கிற பெண், நேற்று நான் தலை பின்னும்போது, அண்ணன் ஒத்துக்குமாம்மா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

கருப்பண்ணனிடம் நேரில் பேசு, காகிதத்தில் வேண்டாம், சிநேகிதம் கெடாது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள், அந்த ஊர் மழையில் தலை ஈரத்தோடு திரியாதே. உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் முருகன் கொடுக்கட்டும். ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், பதிலை எனக்கோ அப்பாவுக்கோ எழுதாதே, அவளுக்கு எழுது. உறைமேல் கனகாம்பாள் என்று முழுப் பேரும் போடு. தபால்காரன் இதுவரை அந்தப் பேரை நம் வாசலில் கூப்பிட்டதில்லை.

இப்படிக்கு உன் அம்மா,
ரத்தினம்மாள்