இரண்டு பக்கமும் பார்க்கும் டிராகன்

மார்கழி 3, வியாழன்

பனி. எதிர் வீட்டுத் தென்னைக்கு உடம்பு இருந்தது, தலை இல்லை. டீ. முட்டிக்குத் தைலம்.

மாலை வகுப்பில் கொடுத்த புத்தகத்தில் ஒரு டிராகன் கதை. நேற்று படித்து முடித்தேன். நானே. யாரும் விரல் வைத்துக் காட்டவில்லை. எழுத்துக் கூட்ட ஆரம்பித்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அந்த டிராகன் நெருப்பு விடாது. வாயைத் திறந்தால் பனிதான் வரும். அந்தப் பனியில் தூங்குகிறவர்களுக்கு நல்ல கனவு வரும். இன்று வாசலில் நின்றபோது, விடியும் முன் அது எங்கள் புதுப்பட்டினத்தின் மேல் பறந்து போயிருக்கிறது என்று தோன்றியது. இந்த வயதில் இப்படித் தோன்றலாமா? தோன்றியது. எழுதிவிட்டேன்.

தேவி எழுந்து வந்து உட்கார்ந்தாள். என் மகள். ஒன்பதாம் மாதம். பிரசவத்துக்காக ஊரப்பாக்கத்திலிருந்து வந்திருக்கிறாள். வயிற்றில் கை வைத்து, அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

போன முறை தொட்டில், கொசுவலை, சின்னச் சட்டை, எல்லாம் முன்னாலேயே வாங்கி அடுக்கினோம். குழந்தை தங்கவில்லை. அதிலிருந்து குப்பு, என் வீட்டுக்காரி, குழந்தைக்கென்று ஓர் ஊக்குகூட வீட்டுக்குள் வரக்கூடாது என்கிறாள். பிறக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்கிறாள். நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

மார்கழி 4, வெள்ளி

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா தையல்காரி. குரோஷா பின்னலும் போடுவாள். அவள் வீட்டுக் கதவு, ஃபிரிட்ஜ், தண்ணீர்ப் பானை எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. போய்க் கேட்டேன். புத்தகத்தை நீட்டி, இந்த டிராகன் வருமா என்றேன்.

“போர்வையா பெரிப்பா? யாருக்கு?”

நான் கூரையைப் பார்த்தேன். அவள் முனை வளைந்த ஊசி ஒன்றை எடுத்துக் கண்ணி போடக் காட்டினாள்.

“ஒரு சதுரம் போடு. அப்பறம் இன்னொண்ணு. கடசீல சேத்துத் தெச்சிக்கலாம். ஆனா இது டிராக்டர் ஸ்டீரிங் புடிச்ச கை. ஊசிய வளச்சிராத.”

கட்டம் போட்ட தாளில் டிராகனை வரைந்து, கட்டம் கட்டமாக மஞ்சள் அடித்துக் கொடுத்தாள். மஞ்சள் கட்டத்துக்கு மஞ்சள் உல்லன். வெள்ளைக் கட்டத்துக்கு நீலம். ஒரு கட்டத்துக்கு ஒரு கண்ணி. கீழ் வரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். தாளை வாங்கியதும் புரிந்துவிட்டது. இதுவும் படிப்புத்தான்!

மார்கழி 6, ஞாயிறு

வெயில் நன்றாக இருந்தது. வஞ்சிரம் விலை கேட்டுவிட்டு சங்கரா வாங்கினேன்.

குப்பு பார்த்துவிட்டாள்.

“இன்னாயா அது கையில?”

“டிவி மேல போடற துணி.”

“டிவி செவுத்துல தொங்கினு கீது. எது மேல போடுவ?”

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மீன் கழுவப் போய்விட்டாள். கழுவும்போது ஒரே சத்தம். மீனுக்கு அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை.

மார்கழி 10, வியாழன்

கனவு. மறப்பதற்குள் எழுதுகிறேன்.

கடல்மேல் டிராக்டர் ஓட்டுகிறேன். தண்ணீரில் உழவுச் சால் விழுகிறது, சால் மூடவில்லை. பானெட்டின் மேல் டிராகன் பூனை மாதிரி உட்கார்ந்து ஊதிக்கொண்டே வருகிறது. கரையில் கல்பாக்கத்து விளக்குகள். ஒவ்வொன்றையும் சுற்றிப் பஞ்சு. பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், கனமே இல்லை. திரும்பிப் பார்த்தால் போய்விடும் என்று தெரியும். திரும்பவில்லை.

எழுந்த பிறகும் கையில் ஸ்டீரிங் நடுக்கம் இருந்தது. சந்தோஷமாக இருந்தேன். அடை இரண்டு அதிகமாகத் தின்றேன்.

சதுரம் பாதிக்கு மேல் வந்துவிட்டது. மஞ்சள் அங்கங்கே சிதறித் தெரிகிறது. தூரத்தில் வைத்துப் பார்த்தால் சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். தாளில் இருப்பதை ஒரு கட்டம் விடாமல் போட்டிருக்கிறேன்.

மார்கழி 13, ஞாயிறு

முடித்துவிட்டேன். சேரவில்லை.

அறைக்கு அந்தக் கோடியில் மாட்டிவிட்டு இந்தக் கோடியிலிருந்து பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். நடுவில் வயிறு சரியாக இருக்கிறது. தலை மட்டும் ஒரு வரியில் இந்தப் பக்கம், அடுத்த வரியில் அந்தப் பக்கம். வாலும் அப்படியே. தண்ணீரில் விழுந்த நிழலைக் கலக்கிவிட்டது போல.

ஸ்டெல்லாவிடம் எடுத்துப் போனேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இன்னா பெரிப்பா, டிராகன மிக்ஸில போட்டு அடிச்சியா? எப்டி படிச்ச தாள?”

“வகுப்பில சொன்ன மாதிரிதான். எடது பக்கத்துல ஆரம்பிச்சி வலது பக்கத்துல முடிக்கிறது. ஒவ்வொரு வரியும்.”

“அய்ய! ஊசி போயி திரும்பி வருதில்ல? ஒரு வரி இப்டிப் படிக்கணும், அடுத்த வரி அப்டிப் படிக்கணும். இது தெரியும்னு நெனச்சி சொல்லாம வுட்டேன்.”

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் மண்டையில் ஏறியது. உழவு! ஒரு சால் போய், வரப்பில் திருப்பி, அடுத்த சாலில் வருகிறோம். யாராவது உழுது முடித்த சாலிலிருந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மறுபடி அதே பக்கத்தில் வைப்பார்களா? எழுத்து ஒன்றுதான் ஒவ்வொரு வரிக்கும் வெறும் கையோடு திரும்பி வருகிறது. எழுத்து வந்த சந்தோஷத்தில் மற்றதெல்லாம் அது மாதிரியே போகும் என்று நினைத்துவிட்டேன்.

நாளை பிரிக்க வேண்டும். மனசு வரவில்லை.

மார்கழி 14, திங்கள்

மேகம். துணி காயவில்லை.

பிரிக்க உட்கார்ந்தேன். முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தபோது தேவி வந்து நின்றாள். கையை நீட்டினாள். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

“இன்னா நைனா இது? ரெண்டு தலைப் பல்லியா?”

“டிராகன்மா. தப்பாயிடுச்சி. பிரிக்கப் போறேன்.”

சிரிப்பு நின்றது. யாருக்கென்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்.

“பிரிக்காத நைனா. ரெண்டு பக்கமும் பாத்துகினு கீது. எந்தப் பக்கத்துல இருந்து இன்னா வந்தாலும் இதுக்குத் தெரியும்.”

மடித்து என்னிடமே கொடுத்தாள். தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கும் பயம். எனக்கும்தான். அலமாரியில் என் வேட்டிக்கு அடியில் வைத்தேன்.

மார்கழி 16, புதன்

விடிகாலை வலி. மாப்பிள்ளை ஊரப்பாக்கத்திலிருந்து நேராகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வருவதாகப் போனில் சொன்னார். நாங்கள் ஸ்டெல்லா பிடித்துக் கொடுத்த காரில். திருக்கழுக்குன்றம் தாண்டியும் பனி. ரோடு தெரியவில்லை. டிரைவர், “அண்ணாத்த, கொஞ்சம் மெதுவாதான் போவ முடியும்” என்றான். குப்பு தேவியின் கையைப் பிடித்திருந்தாள். மடியில் ஒரு பழைய புடவை, அவ்வளவுதான். சதுரத்தை நான் எடுத்துவரவில்லை. அலமாரியைத் திறந்தேன், மூடிவிட்டேன்.

இப்போது மரத்தடி. ஆண்கள் உள்ளே போகக்கூடாது. மாப்பிள்ளை நடந்துகொண்டே இருக்கிறார். டீ வாங்கினோம், இரண்டு பேரும் குடிக்கவில்லை. எழுதினால் நேரம் போகும் என்று எழுதுகிறேன். சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் படித்தாயிற்று. எச்சில் துப்பாதீர். செருப்பை வெளியே விடவும். அமைதி காக்கவும். காக்கிறேன்.

அதே நாள், பிற்பகல்

பெண். நல்லபடியாக. இரண்டு பேரும்.

அழுகிற சத்தம் வெளியிலேயே கேட்டது என்று மாப்பிள்ளை சொல்கிறார். எனக்குக் கேட்கவில்லை. கேட்டது என்று சொன்னேன்.

குப்பு வெளியே வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். என் எதிரில் நின்று, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“இன்னும் இன்னாத்துக்கு ஒக்காந்துகினுகீற? போயி அந்த டிவி துணிய எத்தினு வா. உன் வேட்டிக்கு அடியில கீது.”

பஸ்ஸில் சன்னல் சீட்டு கிடைத்தது. போகும் வழி முழுக்க வயல். உழுத வயல்.

மார்கழி 17, வியாழன்

பார்க்கும் நேரத்தில் உள்ளே விட்டார்கள். குளிர். மின்விசிறியை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

குப்புதான் போர்த்தினாள். கழுத்திலிருந்து கால் வரைக்கும் அந்த ஒரு சதுரமே சரியாக இருந்தது! விரல் மட்டும் வெளியே. டிராகனின் வயிறு ஏறி இறங்கியது. அது மூச்சு விடுகிறது என்று நினைத்தேன். குழந்தைதான். அது அழகாகத் தூங்கியது. என்ன கனவோ. தேவியும் தூங்கிவிட்டாள், வாய் திறந்தபடி, சின்ன வயதில் தூங்குவது போல.

நானும் குப்புவும் நின்றுகொண்டே இருந்தோம். அவள் அந்தக் குட்டிக் காலைத் தொட்டாள். மெதுவாக நீட்டி அளந்து பார்த்தாள்.

“இது பத்தாதுயா.”

“இப்ப சரியாத்தான கீது?”

“இப்ப சரி. நடக்க ஆரம்பிச்சா? பள்ளிக்கூடம் போவசொல்ல? காலேஜ் போயி ஆஸ்டல்ல படுத்தா காலு வெளிய நிக்காதா? இப்பவே ஆரம்பி. பெருசா போடு.”

மஞ்சள் தீர்ந்துவிட்டது. ஸ்டெல்லாவிடம் கேட்க வேண்டும்.